கல்யாணப் பத்திரிகை ராக்கெட்

பாட்டில் ராக்கெட்டுக்கு இறக்கை வெட்ட, வீட்டிலிருந்து கெட்டி அட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தார் பிளாரன்ஸ் டீச்சர். ஏழாம் வகுப்பு மகிழ்நிலா, தன் அக்கா கோமளாவின் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள்.

“இத வெட்டலாமா?”

“கல்யாணம்தான் நின்னுபோச்சே டீச்சர். அக்காவே குடுத்துச்சு. வெளிய நிக்குது.”

மாதக்கணக்காக வீட்டைவிட்டு வெளியே வராத கோமளா, மைதானத்துக் கம்பிவேலியருகே நின்றிருந்தாள். டீச்சர் அவளை அழைத்து சைக்கிள் பம்பைக் கொடுத்தார். பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலுக்குள் அவள் காற்றடித்தாள். பிள்ளைகள் போதும் என்ற பிறகும் அடித்தாள். பாட்டில் சீறிக் கிளம்பியது. பத்திரிகை இறக்கைகளின் பொன்னெழுத்துகள் வெயிலில் மின்ன, தண்ணீர் மழையாக எல்லார்மீதும் இறங்கியது. ராக்கெட்டைத் தேடிப் பிள்ளைகள் ஓடினார்கள். கோமளா ஈரமுகத்தைத் துடைக்காமல் அண்ணாந்தே நின்றாள்.

“எங்க விழுந்துச்சும்மா?”

“இன்னும் போயிட்டிருக்கு டீச்சர்.”