மிஞ்சிய அட்டை

புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும், தட்டில் கவிழ்த்து வைத்திருந்த, வேதவசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகளில் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு சபை கலைந்தது. சபைப் பட்டியலில் எத்தனை பேரோ அத்தனை அட்டைதான் அடிப்பார்கள். ஆனாலும் வருஷாவருஷம் ஒன்று மிஞ்சும். இந்த முறை ரூபாவதி அதைத் தட்டோடு வெளியே கொண்டுவந்தாள்.

மகளை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து அவள் கணவர் தவசிமுத்து கோயில் கேட்டைத் தாண்டியதில்லை. அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருப்பார்.

"உங்களுக்குள்ளது. எடுங்க."

"ஒண்ணுதான இருக்கு? இதுல நான் என்னத்தத் தெரிஞ்செடுக்க?"

"எடுக்காமலும் இருக்கலாம்லா? பதினோரு வருசமா அதத்தான செய்றீங்க."

வெயில் ஏறியது. அவள் ஏந்திய தட்டு கொஞ்சம் தாழ்ந்தது. ஹேண்டில்பாரிலிருந்து அவர் கை மெல்ல எழுந்து வந்து, அட்டையைத் தொடாமல், தட்டின் அடியைத் தாங்கிக்கொண்டது.