எட்டாவது ஆள்

காதில் பஞ்சு வைத்து, அதன் மேல் குல்லாயை இழுத்துவிட்டிருந்தேன். அப்படியும் கேட்டது.

"விடாதீங்க, விடாதீங்க! போச்சு, மேக்காலக் கோட்டை போச்சுங்க!"

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் மருமகள் ஷண்முகப்ரியா. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. மஞ்சூரில் எங்கள் வீதி முழுக்கக் கேட்டிருக்கும்.

அவள் வேலை இதுதான். ‘ஏழு கோட்டை’ என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. எங்கெங்கோ இருப்பவர்கள் படை திரட்டி மோதிக்கொள்வார்கள். இவள் இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் பார்த்து, இணையத்தில் தமிழில் வர்ணனை சொல்வாள்.

உறவுக்காரர்களிடம், கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவன் வீட்டில், மருமகள் கத்திப் பிழைக்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

கத்துவதுகூடப் பரவாயில்லை. வர்ணனை சுத்தமில்லை. மூச்சுக்கு மூன்று ‘செம’. யார் அடித்தார் என்று சொல்வாள். ஏன் அடித்தார் என்று சொல்லமாட்டாள். பின்வாங்குகிறவர்களை எல்லாம் பயந்துவிட்டார் என்பாள். பின்வாங்குவதும் ஒரு திட்டமாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றாது.

என் மகன் கதிரைக் கட்டிக்கொண்டு அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது நாலாயிரம் பேர் பார்த்தார்கள். இப்போது அறுபது பேர். மற்றவர்கள் கைப்பேசியில் துப்பாக்கி விளையாட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆடுவதற்கும் ஆள் குறைந்தது. வாரப் போட்டிக்கு எட்டுப் பேர் வேண்டும். ஏழு பேர்தான் என்றால், நடத்துகிற கம்பெனி போட்டியை நிறுத்திவிடும். அவள் வேலையும் அத்தோடு சரி.

ஒன்பது வாரத்துக்கு முன்னால், அவள் போனில் யாரிடமோ கெஞ்சியது இந்தப் பலகை வழியாகத்தான் கேட்டது.

"இன்னும் ஒரே ஒரு ஆளுங்க. ஆடத் தெரியாட்டியும் பரவால்லீங்க."

என் வீட்டுப் பெண், ஊர் பேர் தெரியாதவர்களிடம் கெஞ்சுகிறாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் எட்டாவது ஆள் கிடைத்தார். ‘அவலாஞ்சி’ என்று எங்கள் பக்கத்து ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டவர். மற்றவர்கள் எடுத்ததும் அடிக்க இறங்குவார்கள். அவர் ‘அனைவருக்கும் வணக்கம்’ என்று முழுசாக எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

"பென்சன் வாங்கப் போற வேகத்துல படை நடக்குதுங்க" என்று ஒருநாள் அவரைக் கிண்டல் செய்தாள். அறுபது பேரும் சிரித்திருப்பார்கள்.

முதல் ஐந்து வாரம் முதல் சுற்றிலேயே தோற்றார். இன்று இறுதிச் சுற்று. எதிரே தூத்துக்குடி சுடலைமுத்து, கல்லூரி மாணவன்.

"அந்தக் குல்லாய்க்குள்ளயே குடியிருங்க." என் மனைவி பாப்பம்மாள் டீயை வாசற்படியோரம் வைத்துவிட்டுப் போனாள்.

திரையில் அவலாஞ்சியின் படை வடக்குக் காட்டை நெருங்கியது. காட்டைக் கடந்தால் சுடலைமுத்துவின் கடைசிக் கோட்டை.

அப்போதுதான் பலகை அதிர்ந்தது.

"காட்டுக்குள்ள பாருங்க! நாப்பது குதிரை! சுடலைமுத்து ஒளிச்சு வெச்சிருக்காரு. அவலாஞ்சிக்குத் தெரியாதுங்க, உள்ள போனா முடிஞ்சுதுங்க!"

அவள் சொல்வது இணையத்தில் ஐந்து நிமிடம் கழித்துத்தான் போகும். ஆடுகிறவர்கள் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர்களுக்கு எங்கள் வீட்டுப் பலகையைப் பற்றித் தெரியாது.

என் வலது கை மவுஸின் மேல் இருந்தது. படையைக் காட்டு ஓரத்தில் நிறுத்தினேன்.

கதிர் திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற பழைய கம்ப்யூட்டர். நான் அதில் பத்திரிகை படிப்பதாகத்தான் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. பஞ்சும் குல்லாயும் அவள் சொல்வது காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான். எட்டு வாரம் ஓரளவுக்காவது காப்பாற்றியவை இன்று கைவிட்டுவிட்டன.

ஒரு அழுத்து. படை இடப்பக்கம் திரும்பும். ஏரிக்கரையைச் சுற்றிப் போனால் குதிரைகள் காட்டுக்குள்ளேயே காத்துக் கிடக்கும். கோட்டை எனக்கு.

தொழிற்சாலையில், மேனேஜர் துரைக்கு வரும் முத்திரை வைத்த உறைகள் என் மேஜை மேல்தான் கிடக்கும். ஒன்றைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை.

கேட்பதற்கு முன்னால் எந்த வழியில் போக நினைத்தேனோ, அந்த வழியிலேயே படையை அனுப்பினேன்.

காடு. குதிரைகள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இத்தனை வருடத்தில் அவள் ஆட்டத்தின் நடுவில் வாய் மூடி நான் கேட்டதில்லை.

பிறகு, கத்தாமல் சொன்னாள்.

"காட்டு ஓரத்துல வந்து நின்னாருங்க. கொஞ்ச நேரம் நின்னாரு. அப்பறந்தான் உள்ள போனாரு."

ஒரு ‘செம’ இல்லை. அவள் சொல்லி நான் கேட்ட நல்ல வர்ணனை அதுதான்.

‘நன்றி. நன்றாக ஆடினீர்கள்’ என்று சுடலைமுத்துவுக்கு எழுதிவிட்டுப் பஞ்சை எடுத்தேன். டீ ஆறியிருந்தது.

மறுநாள் காலை அவள் அறையில் சுத்தியல் சத்தம். போய்ப் பார்த்தேன்.

ஸ்டூல் மேல் நின்று, பலகைத் தடுப்பை மறைத்து இரண்டு கனத்த கம்பளிகளை அடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வீட்டுச் சீர். மார்கழிக் குளிருக்குக்கூட வெளியே எடுக்காதவை.

"இனிமே சத்தம் வராதுங்க மாமா" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "ஞாயித்துக்கெழம எட்டுப் பேரு வேணுமில்லீங்க."

நான் ஆணி டப்பாவை எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.