மதியம் சொன்ன பெயர்

மசாக்கா பக்கத்து ஊர்களில் மதியச் செய்தி முடிந்ததும் ரேடியோவில் சாவு அறிவிப்புகள் வரும். அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்க மாட்டோம். அன்று என் கணவர் கிவும்பி இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர் என் எதிரே உட்கார்ந்து மசித்த வாழைக்காயைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எவனோ பேரைக் குழப்பிட்டான்" என்றேன்.

"அப்பா பேரு, ஊரு எல்லாம் சரியாத்தானே சொன்னான்?" என்றார். அவர் முகத்தில் சந்தேகம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அக்கம்பக்கத்தார் விறகும் வாழைத்தாருமாக வந்துவிட்டார்கள். துக்க வீட்டு வாசலில் நெருப்பு எரிய வேண்டும். பக்கத்து வீட்டு லுபேகா அதை மூட்டினார்.

கிவும்பி அவர் தோளைத் தட்டினார். "யோவ், நான் இங்கதான்யா இருக்கேன்."

"அது தெரியுதுண்ணே" என்றார் லுபேகா. "ஆனா ரேடியோல சொல்லிட்டாங்களே." பிறகு அவருக்கும் ஒரு பாயை விரித்தார்.

கிவும்பி உட்கார்ந்துவிட்டார். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது.

சாயங்காலம் ரேடியோவில் திருத்தம் வாசித்தார்கள். "இறந்தவர் கிவும்பி அல்ல. அவருடைய மனைவி நபகோசா."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று கிவும்பி லுபேகாவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. என்னைச் சுற்றியிருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. பெண்கள் எழுந்துபோய் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னங்க, நான் இங்கதானே இருக்கேன்" என்றேன்.

"அது தெரியுதும்மா" என்ற கிவும்பி, முகத்தை மூடிக்கொண்டு விம்மி அழ ஆரம்பித்தார்.