அரசு ஜீப்

“சூளையில கல்லறுக்கிற புள்ளைங்கள அனுப்ப முடியாதுங்க,” என்றார் கொழிஞ்சாம்பாறை செங்கல் சூளை முதலாளி அர்த்தநாரி.

கேரளக் குழந்தைகள் நல அதிகாரி பிரதீபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களை மீட்க அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை.

“கேரளாவுல இனிமே இவங்க கல்லறுக்க மாட்டாங்க,” என்று சொல்லி, குழந்தைகளையும், கூட்டிப்போகப் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த தாய்மாமனையும் ஜீப்பில் ஏற்றினாள்.

அர்த்தநாரி முணுமுணுத்துக்கொண்டே பைக்கை எடுத்தார்.

எல்லைச் செக்போஸ்ட்டில் சல்யூட் அடித்து வழிவிட்டார்கள்.

தாய்மாமன் சொன்ன இடத்தில், உயரமான ஒரு கேட் முன்னால் ஜீப் நின்றது. குழந்தைகள் அவனோடு இறங்கி உள்ளே போனார்கள்.

அதுவும் செங்கல் சூளை. கேட்டைச் சாத்தியவர் அர்த்தநாரி.

“இது தமிழ்நாடுங்க அம்மணி, உங்க உத்தரவு இங்க செல்லாது. அந்த மாமன் நம்ம மேஸ்திரிதானுங்க. என் வேன்ல கூட்டியாந்தா செக்போஸ்ட்டுல புடிச்சிருப்பாங்க. உங்க ஜீப்பை யாருங்க நிறுத்துவாங்க?”