நொண்டி நடந்த வாரம்

உடற்கல்வி ஆசிரியை ஜெசிந்தா, தசைவலி குறித்த ஓர் ஆய்வுக்காகக் கல்லூரி மைதானத்துப் படிகளில் கனத்த பையைச் சுமந்து திரும்பத் திரும்ப இறங்கினாள். மறுநாள் தொடைகள் கல்லாகிவிட்டன. அவள் நொண்டுவதைப் பார்த்துத் தெருவே விசாரித்தது. ஒருத்தி வீடு தேடி வந்து தைலம் கொடுத்தாள். மாமியார் ஞானசௌந்தரிக்கு அதில் ஒரு நிம்மதி. பிள்ளை பெற்றதிலிருந்து தனியே உட்கார்ந்து அழுகிற மருமகளை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக, வெளியே சொல்வதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோது அடுத்த தெரு ரோசம்மாள் எதிரே வந்து நின்றாள்.

"யாருக்கு என்ன?"

"மருமவளுக்குக் கால்வலி," என்றாள் ஞானசௌந்தரி சட்டென்று.

ஜெசிந்தா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"கால்வலி ரெண்டு நாள்ல போயிரும் மாமி. பிள்ள பொறந்ததுல இருந்து எனக்கு மனசு சரியில்ல. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

தைலம் தேய்த்த காலைப் பற்றிப் பேசுவதுபோலவே சொன்னாள். மாமியார் தரையைப் பார்த்தாள். ரோசம்மாளோ அங்கிருந்து நகரவில்லை.

"எம்மவளும் பிள்ளையத் தொடவே மாட்டேங்கா," என்றாள் மெதுவாக. "யார்ட்ட போய்ச் சொல்லதுன்னு தெரியாம வீட்டுக்குள்ளயே வச்சிருக்கேன். இது எந்த டாக்டரு?"

ஞானசௌந்தரி தலை நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் தள்ளி அமர்ந்து இடம் விட்டாள்.

"இரிங்க. இவ உள்ள போயிட்டு வந்து, என்னென்ன கேட்டாவன்னு சொல்லுவா."