வலது கையால் கொடு

கானா நாட்டின் குமாசி நகரில், பள்ளி மைதானத்தில் முன்வரிசையில் பெருமையோடு உட்கார்ந்திருந்தாள் செர்வா. அமெரிக்காவில் பிறந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த நாட்டு ஃபுட்பாலில் பேர் வாங்கிய தம்பி மகன் யாவ், அப்பாவின் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித்தர வந்திருந்தான்.

முதல் பந்தை அத்தைக்குத்தான் நீட்டினான், இடது கையால். வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

கூட்டம் முகம் சுளித்தது.

"பெரியவங்களுக்கு இடது கையாலயா குடுப்ப? உங்கப்பன் மரியாதை சொல்லித் தரலையா?" என்று சீறினாள் செர்வா.

"சொல்லியிருக்காரு அத்தை..."

"அப்புறம் என்ன திமிரு? பையிலேருந்து கைய எடுடா! ஊரே பாக்குது, என் மானம் போகுது."

யாவ் பந்தைத் தரையில் வைத்தான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்தான். அது துவண்டு தொங்கியது.

"போன வருஷம் ஆட்டத்துல தோள் நரம்பு அறுந்துடுச்சு அத்தை. நீங்க தாங்க மாட்டீங்கன்னு அப்பா மறைச்சிட்டாரு."

மண்டியிட்டான். அந்தக் கையைத் தூக்கிப் பந்தின் மேல் வைத்து, அவள் காலடிவரை தள்ளினான்.

"இப்ப வாங்கிக்குங்க."

குனிந்து வாங்க, செர்வாவின் வலது கை எழவில்லை.