ஒன்றுகூடத் தப்பவில்லை

பட்டன் மேல் வைத்திருந்த கட்டைவிரல் வியர்வையில் வழுக்கியது. ஒரு சத்தத்தைக் கோட்டை விட்டாலும் பிழைப்பில் மண் விழுந்துவிடும் என்று கிரேன் ஆபரேட்டருக்குத் தெரியும்.

போன வாரம் அவர் இறக்கிய இரும்புக் கட்டு, கீழே நின்ற சொந்த மச்சானின் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. வாக்கிடாக்கியில் "நிறுத்து, நிறுத்து" என்று தொண்டை கிழியக் கத்தியதாக மச்சான் சொன்னார். வாக்கிடாக்கிதான் ரிப்பேர் என்று இவர் அடித்துப் பேசினார். காதுப் பரிசோதனையில் தேறினால்தான் இனி கிரேன் என்றுவிட்டது கம்பெனி.

அதற்குத்தான் வெளிச்சத்தம் நுழையாத இந்தக் கண்ணாடி அறை. "எவ்வளவு சன்னமா கேட்டாலும் அமுக்குங்க" என்று சொல்லி ஹெட்போனை மாட்டிவிட்டுப் போனாள் பரிசோதிக்கும் பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, உள்ளங்கையைக் காட்டி ஏதோ சொன்னாள். ஆரம்பிக்கிறாள் போலிருக்கிறது. வழக்கம்போலத் தலையை ஆட்டி வைத்தார்.

ஙொய்ய்... அமுக்கினார். ஊசிமுனையாய் இன்னொன்று. அதையும் அமுக்கினார். இடது காதில், வலது காதில், எதையும் விடவில்லை. மச்சான், இப்ப வந்து சொல்லு, யாரு செவிடுன்னு!

அவர் அமுக்கும்போதெல்லாம் அவள் மேசையில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அவள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

கதவு திறந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, முகத்துக்கு நேரே நின்று கேட்டாள்.

"என்ன மாதிரி கேட்டுச்சுங்க?"

"கொசு ரீங்காரம் மாதிரி."

"வீட்லயும் கேக்குமா?"

"படுத்தா கேக்கும். எல்லாருக்கும் அப்படித்தானே?"

"இல்லைங்க. இன்ஜின் இரைச்சல்ல காது அடிபட்டா, சில சத்தம் மூளைக்குப் போய்ச் சேராது. மூளை சும்மா இருக்குமா? வராத சத்தத்தைத் தேடித் தானே வால்யூமைக் கூட்டிக்கும். அப்ப உள்ளேயே ஒரு இரைச்சல் கிளம்பிடும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். "அதெல்லாம் காது போனவங்களுக்கும்மா. நான்தான் ஒண்ணு விடாம அமுக்கினேனே!"

அவள் தயங்கினாள்.

"நான் இன்னும் ஒரு சத்தம்கூட அனுப்பலைங்க."